கை ஓங்கிய இடத்தில் சாந்தம்

செஞ்சி என்றால் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது வீரம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் ராணுவ அரண்கள் என்ற தலைப்பில் சேர்ந்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். ஊர்க்காரர்களுக்கோ சிவாஜியையும் ராஜாராமையும் விட நெருக்கமானவன் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை 1714-ல் சிறு குதிரைப்படையோடு எதிர்த்து மாண்ட அந்த இளைஞனைக் கதைப்பாடலும் கூத்தும் இன்றுவரை உயிரோடு வைத்திருக்கின்றன. அவன் சிதையில் இளம் மனைவியும் உயிர்விட்டாள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பார்கள்.

அதே சீமையில் வேறொரு மரபும் உண்டு. கோட்டைக்குப் பல நூற்றாண்டு முன்பே, பக்கத்துத் திருநாதர் குன்றில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கொல்லாமையை வாழ்முறையாகக் கொண்ட தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் மேல்சித்தாமூரில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த இயேசு சபைக் குரு பிமெந்தா, நாயக்கரின் தலைநகரைக் கண்டு வியந்து எழுதினார். 1853-ல் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் பின்னாளில் திண்டிவனம் பக்கமும் வேரூன்றியது. சேத்துப்பட்டுப் பக்கம் பிரெஞ்சுக் குரு தாராஸ் உழைத்தார். இப்படிப் பல வாய்க்கால்கள் வழியே இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்த கிறிஸ்தவம், ஆவியின் கனிகளில் ஒன்று என்று சாந்தத்தையும் கொண்டுவந்தது.

அந்தச் சாந்தத்தைச் சபையில் காட்டுவது எளிது, சந்தையிலும் ஓரளவு முடிகிறது. வீட்டில்தான் அது அறுந்து அறுந்து போகிறது. ஒருநாள் இருந்து மறுநாள் இல்லாமல் போவதைக் குணம் என்று சொல்ல முடியுமா? மனைவி, கணவன், பிள்ளை, முதிய பெற்றோர் என்று நெருங்கியவர்களிடம் அதை நிலையாகக் கைக்கொள்ள என்ன வேண்டும்? வேதமும் சபையின் பழைய ஆசிரியர்களும் தமிழ் எழுத்தாளர்களும் இக்கால ஆய்வாளர்களும் இந்தக் கேள்விக்குச் சொன்னவற்றை இக்கட்டுரை ஒருசேரப் பார்க்கிறது. பார்த்து முடித்தபின் கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாந்தம் பிறவிச் சுபாவம் அல்ல. கை ஓங்கியிருப்பவர் தன் கையைத் தானே பிடித்துக்கொள்ளும் பயிற்சி அது. ஆகவே வீட்டில் யாருக்கு அதிகாரம் அதிகமோ அவரிடமே அதை முதலில் கேட்க வேண்டும்.

வேதம் வைக்கும் சோதனை

பூமியிலுள்ள மனிதர் எல்லாரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் மோசேயைப் பற்றிச் சொல்கிறது. அது எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பார்வோனுக்கு முன்னாலோ செங்கடல் ஓரத்திலோ அல்ல, ஒரு குடும்பச் சண்டையின் நடுவில். அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் மோசேயின் எத்தியோப்பிய மனைவியைக் காரணம் காட்டி அவருக்கு எதிராகப் பேசுகிறார்கள். படை நடத்திய தலைவர் பதில் பேசவில்லை. மிரியாமுக்குக் குஷ்டம் வந்தபோது அவளைக் குணமாக்கும்படி மன்றாடியவரும் அவரே. உடன்பிறந்தவர் வாயிலிருந்து, அதுவும் மனைவியைப் பற்றி வரும் சொல்லைத் தாங்குவதே சாந்தத்தின் உச்சப் பரீட்சை என்று அந்த அதிகாரம் காட்டுகிறது.

அதே நூலில் இருபதாம் அதிகாரம் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. மிரியாம் இறந்து அடக்கம் பண்ணப்படுகிறாள். அடுத்த வரியிலேயே தண்ணீருக்காக ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். பாறையோடு பேசும்படி சொல்லப்பட்ட மோசே, கூட்டத்தைக் கலகக்காரர் என்று திட்டிவிட்டுக் கோலால் இருமுறை அடிக்கிறார். வாக்குத்தத்தத்தின் தேசத்துக்குள் போக முடியாமற்போனது அதனால்தான். துக்கமும் களைப்பும் சேர்ந்த வேளையில் உலகத்திலேயே சாந்தமானவரும் தவறுவார் என்பதை வேதம் மறைக்கவில்லை. நிலையான சாந்தம் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் யோசேப்பு வருகிறார். நிச்சயிக்கப்பட்ட பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்த நேரம். ஊரைக் கூட்டி அவமானப்படுத்த அவருக்கு வழி இருந்தது. அவரோ அவளைக் காட்டிக்கொடுக்காமல் இரகசியமாய் விலக நினைத்தார். தேவதூதன் கனவில் வருமுன்பே எடுத்த முடிவு இது. தான் ஏமாற்றப்பட்டதாக நம்பிய ஒருவர், கையில் தண்டனை இருந்தும் அதை வீசவில்லை என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

இயேசு தம்மையே சாந்தமுள்ளவர் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தவரும் அவரே. அவருடைய கோபம் எங்கெங்கே எழுந்தது என்று பார்த்தால் ஒழுங்கு ஒன்று தெரியும். ஏழைகளைச் சுரண்டியவர் மேலும், ஓய்வுநாளில் சூம்பின கையனைக் குணமாக்கவிடாத கடின இருதயத்தார் மேலும் அது எழுந்தது. தமக்கு நேர்ந்த அவமானத்துக்காக எழவில்லை. சொந்த வீட்டாரே அவரை மதிமயங்கினவர் என்று நினைத்துப் பிடித்துப்போக வந்தார்கள். சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை. உயிர்த்தெழுந்தபின் அவர் தரிசனமானவர்களின் வரிசையில் யாக்கோபையும் பவுல் குறிப்பிடுகிறார். இந்த யாக்கோபு கர்த்தரின் சகோதரர் என்பது சபையின் பொதுவான புரிதல். வீட்டாரின் அவநம்பிக்கை இயேசுவை வீட்டாரிடமிருந்து பிரித்துவிடவில்லை.

பவுலின் நிருபங்களில் உள்ள குடும்ப ஒழுங்குகளை இன்றைய வாசகர் பலர் தயக்கத்தோடு படிக்கிறார்கள். மனைவியர் கீழ்ப்படிய வேண்டும் என்ற பாதி மட்டும் நம் கல்யாண மேடைகளில் உரக்கக் கேட்பதால் வந்த தயக்கம் அது. கொலோசெயரில் மறுபாதியும் இருக்கிறது. கணவர் மனைவியிடம் கசந்துகொள்ளக் கூடாது. தகப்பன்மார் பிள்ளைகளின் மனம் சோர்ந்துபோகும்படி கோபமூட்டக் கூடாது. குடும்பத் தலைவனுக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரம் கொடுத்திருந்த ரோம உலகில், அந்தத் தலைவனையே நேருக்கு நேர் நிறுத்திக் கையைக் கட்டிய வார்த்தைகள் இவை.

சபையின் ஆசிரியர்கள்

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தொம், மனைவியை அடிப்பதை ஒளிவுமறைவின்றிக் கண்டித்தார். அடிக்கிறவனுக்குத்தான் அது அவமானம் என்பது அவர் நிலை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதிய சிறுநூலில், ஓயாத அடி பிள்ளைக்குப் பழகிப்போகும், பிறகு எதற்கும் அஞ்சமாட்டான் என்று பெற்றோரை எச்சரித்தார்.

துறவியான காசியான் மற்றத் துறவிகளுக்காக எழுதிய நூலில் கோபத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எரிச்சலூட்டும் சகோதரரை விட்டுத் தனியே போய்விட்டால் சாந்தமாகிவிடலாம் என்று நினைப்பவர்க்கு அவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார். பாலைவனத்தில் தனித்திருந்தபோது எழுதுகோல் சரியில்லை, கத்தி மழுங்கிவிட்டது, சிக்கிமுக்கிக் கல் தீப்பிடிக்கவில்லை என்று அவற்றின் மேலேயே கோபம் வந்ததாம். குடும்பமே கோபத்துக்குக் காரணம் என்ற சாக்கு இங்கே உடைந்துபோகிறது. வீடு கோபத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருகிறது.

இந்தக் கேள்வியை இல்லறத்தாருக்காகவே எடுத்துப் பேசியவர் ஜெனீவாவின் ஆயர் பிரான்சிஸ் சலேசியார். 1609-ல் வெளிவந்த அவருடைய பக்தி வாழ்வின் அறிமுக நூல் மடத்தில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டதல்ல, வீடும் கடையும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. தெருவில் தேவதூதராகவும் வீட்டில் பேயாகவும் இருப்பவர்களை அவர் கண்டிக்கிறார். வெளியில எலி, வீட்டில புலி என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். அவர் சொன்ன மருந்து இரண்டு. கோபத்தில் ஒரு செயல் செய்துவிட்டால், ஆறப்போடாமல் அதே ஆளிடம் உடனே ஒரு கனிவான செயலைச் செய்ய வேண்டும். இரண்டாவது, தன் தவறுகளின் மேல் தானே கொதிக்காமல் தன்னிடமும் சாந்தமாக இருக்க வேண்டும். ஏன் கோபப்பட்டோம் என்று தன்மேலேயே கோபப்படுகிறவர், அந்தக் கோபத்தையும் கடைசியில் வீட்டார் மேலேயே இறக்குவார் என்பதை அனுபவத்தில் பலரும் அறிவோம்.

சலேசியாரின் பெயரையே தம் சபைக்கு வைத்த தொன் போஸ்கோ, துரினின் தெருப்பிள்ளைகளிடம் அதைச் செய்துகாட்டினார். 1877-ல் எழுதிய கல்விமுறைக் குறிப்பில் அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றையே தூண்களாக வைத்தார். அடிக்கு அங்கே இடமில்லை. 1906-ல் தஞ்சாவூரில் கால்வைத்த சலேசிய சபையார் வழியே அந்த முறை தமிழ்ப் பள்ளிகளுக்கும் வந்தது.

தமிழில் வந்த வழி

வீரமாமுனிவர் தம் பெருங்காப்பியத்துக்கு எடுத்த நாயகர் யார்? போர்வீரரும் அல்ல, அற்புதம் செய்த புனிதரும் அல்ல, யோசேப்பு. 1726-ல் முடிந்த தேம்பாவணி 36 படலங்களில், 3,615 பாடல்களில், ஒரு தச்சரை, கணவரை, வளர்ப்புத் தகப்பனைக் காப்பிய நாயகராக்கியது. பாளையக்காரரும் நவாபும் படைநடத்திய காலம் அது. தேசிங்கு மாண்டு பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள் அமைதியாக வாழ்ந்த மனிதருக்கும் காப்பியப் பெருமை உண்டு என்று அந்த நாளில் சொன்னது சிறிய காரியமல்ல.

அவரே குறளின் முதல் இரண்டு பால்களையும் இலத்தீனில் பெயர்த்தவர். குறளின் வெகுளாமை அதிகாரம் நம் கேள்விக்கு மிக நேரான விடையை வைத்திருக்கிறது. தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவரே உண்மையில் அடக்குகிறவர். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். மேலதிகாரியிடம், போலீஸ்காரரிடம், கடன் கொடுத்தவரிடம் நாம் காட்டும் பொறுமை இந்தக் கணக்கில் சேராது. நம் கோபம் செல்லுகிற இடம் வீடு. ஆகவே அங்கே அடக்கியது மட்டுமே கணக்கு. கிறிஸ்தவ மரபு மோசேயையும் யோசேப்பையும் வைத்துச் சொன்னதும் வள்ளுவர் இரண்டு அடியில் சொன்னதும் இந்த இடத்தில் சந்திக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அதைக் குடும்பத்தின் அன்றாடத்துக்குக் கொண்டுவந்தார். 1859-ல் வந்த நீதிநூலில் பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி என ஒவ்வொருவர் கடமையையும் தனித்தனியே பாடினார். 1869-ல் வந்த பெண்மதி மாலையில் பெண்கல்விக்கு வாதாடினார். கத்தோலிக்கரான அவர் சாந்தத்தை நல்ல பேச்சோடு நிறுத்தவில்லை. படிக்கும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுக்காத வீட்டில் இனிய சொல் மட்டும் எதற்கு என்பதே அவர் எழுத்தின் அடிநாதம்.

மென்குரல் மட்டும் போதாது

செஞ்சியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கும் திண்டிவனம், இனிய சொல் மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி. தேசிங்கின் மனைவி நினைவாகப் பெயர்பெற்ற ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். மிஷன் மருத்துவரின் மகளாக இருந்தும் மிஷனரி வாழ்க்கை வேண்டாம் என்றிருந்தவர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மூவரும் பணிவாக, மன்றாடிக் கேட்டார்கள். ஆனால் ஆண் மருத்துவரான அவர் தந்தை வந்து பார்க்க மூவருமே சம்மதிக்கவில்லை, வழக்கம் இடங்கொடுக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவே ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-ல் வேலூரில் தொடங்கிய சிறு சிகிச்சையிடம் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

அந்தக் கணவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. குரல் உயர்த்தியவர்களாகவும் தெரியவில்லை. மனைவி பிழைக்க வேண்டும் என்று இருட்டில் ஓடிவந்தவர்கள். ஆனால் அவள் உயிருக்காக வழக்கத்தை விட்டுக்கொடுக்க அவர்களால் முடியவில்லை. கத்தாமல் இருப்பதே சாந்தம் என்று நினைத்தால் இவர்களும் சாந்தமானவர்களே. ஒரு வீட்டில் யாரும் சத்தம் போடாமலேயே பெண்ணின் படிப்பு நிற்கலாம், மகளின் விருப்பம் புதைக்கப்படலாம், முதியவர் அறைக்குள் ஒதுக்கப்படலாம். விட்டுக்கொடுத்தல் சேராத மென்குரல் பாதி சாந்தம்கூட ஆகாது.

வீட்டில் ஏன் தவறுகிறது

மலைப்பிரசங்கத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டாடிய இருவரை எடுத்துக்கொள்வோம். டால்ஸ்டாய் தீமையை எதிர்க்காதிருத்தல் பற்றி எழுதி உலகத்தை அசைத்தார். வீட்டில் மனைவி சோபியாவோடு ஆண்டுக்கணக்கில் ஓயாத பூசல். 1910-ல் 82 வயதில் இரவோடு இரவாக வீட்டை விட்டுப் போனவர் ஒரு ரயில் நிலையத்தில் இறந்தார். காந்தி தம் சுயசரிதையில் எழுதும் டர்பன் சம்பவம் இன்னும் கூர்மையானது. 1898 வாக்கில் அவர் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய மூத்திரச் சட்டியைக் கஸ்தூரிபா அழுதுகொண்டே சுமந்ததை காந்தி ஏற்கவில்லை. மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கத்தி, கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார். தீண்டாமைக்கு எதிரான அவர் கொள்கை முழுக்கச் சரி. ஆனால் அந்தச் சரியான கொள்கையே மனைவியை இழுக்கும் கையாக மாறியது.

நல்ல குடும்பங்களில் சாந்தம் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். குடிகாரனின் கோபம் எல்லாருக்கும் தெரியும். நியாயவானின் கோபத்துக்கோ சாட்சியாகக் கொள்கை நிற்கிறது. பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும், ஞாயிறு ஆராதனைக்கு நேரத்தோடு கிளம்ப வேண்டும், வீடு சுத்தமாக இருக்க வேண்டும். எல்லாம் நியாயமே, ஆகவே கத்தியதும் நியாயமாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், வெளியில் தாங்கியதை வீட்டில் இறக்குவது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டையோடு காத்திருந்து நினைத்த விலை கிடைக்காமல் திரும்பும் விவசாயி, வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டை ஓட்டிவந்து விற்காமல் ஓட்டிப்போகிறவர், சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கியவர், இவர்கள் எல்லாரும் அன்று முழுக்கக் கோபத்தை விழுங்கியவர்கள். அது செல்லுபடியாகும் முதல் இடம் வீட்டு வாசற்படி. மூன்றாவது காரணம் உரிமை உணர்வு. அயலாரிடம் நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் வாய் வருகிறது. நம்மவர் நம்மை விட்டு எங்கே போய்விடுவார்கள் என்ற நினைப்பு வீட்டில் அந்த வாயைக் கட்டிவிடுகிறது.

எதிர்வாதங்கள்

சாந்தம் என்ற போதனைக்கு மூன்று எதிர்ப்புகள் உண்டு. மூன்றும் எடைபோட வேண்டியவை.

முதலாவது, கண்டிப்பு இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்பது. அடியாத மாடு படியாது என்ற பழமொழியும், கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்த வழக்கமும் நம்முடையவை. வேதத்திலேயே ஏலி என்ற ஆசாரியர் தம் குமாரரின் அக்கிரமத்தை அடக்காமல் போனதற்காகக் கண்டிக்கப்படுகிறார். ஆகவே இளக்காரத்தைச் சாந்தம் என்று அழைக்க முடியாது. ஆனால் ஏலி செய்யத் தவறியது என்ன? பலியைத் திருடிய மகன்களை அந்த ஊழியத்திலிருந்து நிறுத்தவில்லை. அங்கே தேவைப்பட்டது உறுதி. உறுதிக்கும் கடுமைக்கும் உள்ள தூரத்தை அறியாதவர்களே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தவிக்கிறார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு பெண்களிடமிருந்து வருகிறது, கூடுதல் கனமானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் அது 29. இந்த நிலையில் பொறுத்துப்போ, ஜெபம் பண்ணு, சாந்தமாய் இருந்து அவரை ஆதாயப்படுத்து என்று அறிவுரை சொல்வது அடிக்கிறவனுக்குச் செய்யும் உதவி. அகுஸ்தீன் தம் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதுகையில், முன்கோபக்காரரான கணவரின் கோபம் தணியும்வரை அவர் காத்திருந்து பேசியதையும், அந்த ஊர் மனைவியர் பலர் முகத்தில் அடியின் தழும்போடு திரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறார். நூற்றாண்டுகளாகப் பிரசங்கிகள் மோனிக்காவின் பொறுமையை எடுத்துக்கொண்டார்கள், அந்தத் தழும்புகளைக் கடந்துபோனார்கள். 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப அன்பு பற்றி எழுதிய மடலில் வீட்டு வன்முறையைக் கோழைத்தனம் என்று கண்டித்து, சில நிலைகளில் பிரிந்து போவது அறநெறிப்படி அவசியமாகவே ஆகலாம் என்றும் ஒப்புக்கொண்டார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 181 பெண்கள் உதவி எண், பிள்ளைகளுக்கு 1098 ஆகியவற்றைத் தெரிவிப்பதும் போதகரின் வேலையே. அடிபடுகிறவரிடம் சாந்தம் கேட்கும் சபை ஆளை மாற்றிக் கேட்கிறது.

மூன்றாவது எதிர்ப்பு தலித் கிறிஸ்தவர்களுடையது. இந்தச் சீமையின் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். தலைமுறைகளாகக் குனிந்து நின்றவர்களிடம் சாந்தமாய் இரு என்று சொல்வது பழைய குனிவையே புண்ணியமாக்குவது ஆகாதா என்று அவர்கள் கேட்பது நியாயம். விடை மேலே கண்ட ஒழுங்கில் இருக்கிறது. இயேசுவின் கோபம் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று எழுந்தது. உரிமை கேட்பது சாந்தத்துக்கு விரோதமல்ல. அதோடு, தெருவில் அவமதிக்கப்பட்ட ஒருவர் வீட்டுக்குள் மனைவியையும் மகளையும் மதிப்போடு நடத்துவது, அவரை அவமதித்த முறைமையை அவர் தம் வாசலுக்குள் விடவில்லை என்பதன் அடையாளம். அதை அடிமைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆய்வுகள் காட்டுவது

கோபத்தை அடக்கிவைத்தால் வெடிக்கும், கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மேன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 600 மாணவரைக் கோபமூட்டி, ஒரு பகுதியினரைக் குத்துப்பையைக் குத்தவிட்டார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்தியவர்களுக்குக் கோபமும் தாக்கும் வேகமும் கூடியிருந்தன. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். கொட்டுவது ஆற்றுவதில்லை, பழக்குகிறது.

அடித்து வளர்ப்பதைப் பற்றி எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016-ல் 75 ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அடிவாங்கிய பிள்ளைகள் கூடுதலாகக் கீழ்ப்படிந்ததாகத் தெரியவில்லை. முரட்டுத்தனமும் மனச்சோர்வும் பெற்றோரோடு விலகலும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும் என்று கொலோசெயர் நிருபம் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. 1960களில் டயானா பாம்ரிண்ட் செய்த ஆய்வு, கடுமையும் இளக்காரமும் அல்லாமல், கனிவோடு சேர்ந்த உறுதியே பிள்ளைக்கு நன்மை செய்கிறது என்று காட்டியது. ஏலியின் கதைக்கு விடை அங்கே இருக்கிறது. நம் சட்டமும் இந்தத் திசையில்தான் வந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்தண்டனையையும் மனவதையையும் தடை செய்கிறது. பள்ளியில் ஆசிரியருக்கு இல்லாத உரிமையை வீட்டில் தகப்பன் இன்னும் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்.

கணவன் மனைவி பேச்சைப் பற்றி ஜான் காட்மேன் குழுவினர் 124 புதுமணத் தம்பதிகளிடம் செய்த ஆய்வு 1999-ல் வந்தது. வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடம் எப்படித் தொடங்கியது என்பதைக் கொண்டே, யார் பின்னாளில் பிரிவார்கள் என்பதைக் கணிசமாக ஊகிக்க முடிந்தது. சண்டையின் முடிவைவிடத் தொடக்கத்தைக் கவனித்தால் போதும் என்பது இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகும் பாடம்.

நிலைக்க வைக்கும் வழக்கங்கள்

மனநிலையை நம்பினால் சாந்தம் நிலைக்காது, வழக்கத்தில் ஊன்றினால் நிலைக்கும். பழைய மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. லொயோலா இஞ்ஞாசியாரின் 1548-ஆம் ஆண்டு ஆன்மிகப் பயிற்சி நூல், ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொண்டு காலையில் தீர்மானித்து, மதியமும் இரவும் எத்தனை முறை தவறினோம் என்று கோட்டில் புள்ளி வைக்கச் சொல்கிறது. பொதுவாக நல்லவனாவேன் என்ற தீர்மானம் காற்றில் போகும். பிள்ளையின் பாடநோட்டைப் பார்க்கும்போது கத்தமாட்டேன் என்ற தீர்மானத்தை இரவில் எண்ணிப் பார்க்க முடியும்.

ஆசீர்வாதப்பரின் துறவு ஒழுங்கில், காலையும் மாலையும் கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கூடிவாழும் இடத்தில் முளைக்கும் சச்சரவு என்ற முட்களைப் பிடுங்கவே அது என்று காரணமும் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் இரவில் நடக்கும் குடும்ப ஜெபம் இதற்கு ஆயத்தமான இடம். ஆனால் பல வீடுகளில் அது தகப்பன் வசனம் வாசித்து, அதைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளைக் கண்டிக்கும் நேரம். மறுபேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்த நேரத்தில் முதலில் மன்னிப்புக் கேட்கிறவர் வீட்டில் பெரியவராக இருந்தால் குடும்ப ஜெபத்தின் பொருளே மாறும். தப்பு என்னுடையது என்று மகளிடம் சொல்லும் அப்பாவின் மரியாதை குறைவதில்லை. தப்பைச் சொல்ல அஞ்சத் தேவையில்லை என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

கூட்டுக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். மாமியார் கை ஓங்கிய வீட்டில் மருமகளிடம் கேட்கும் சாந்தத்தை முதலில் மாமியாரிடம் கேட்க வேண்டும். காலம் மாறி மருமகள் கையில் சாவி வந்தபின், படுக்கையில் கிடக்கும் மாமியாரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பது அவருடைய சோதனை. அதிகாரம் இடம் மாறும்போது கடமையும் கூடவே மாறுகிறது.

மற்றவை எளியவை. வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவி ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்வரை வீட்டுக் கணக்கையோ பிள்ளையின் மதிப்பெண்ணையோ எடுப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம். மோசே துக்கத்திலும் களைப்பிலும் தவறினார் என்பதை அறிந்தவர்கள், பட்டினியிலும் தூக்கக் குறைவிலும் முக்கியமான பேச்சைத் தொடங்கமாட்டார்கள். சலேசியார் சொன்னபடி, கத்திவிட்டால் அன்றைக்கே அதே ஆளுக்கு ஒரு கனிவு. நற்கருணை ஞாயிறுக்கு முந்தின இரவில், பீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன கட்டளையை வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குவது.

யாரைக் கேட்பது

ஒருவர் சாந்தமுள்ளவரா என்று அவரையே கேட்டுப் பயனில்லை. எல்லாரும் தம்மைப் பொறுமைசாலி என்றே நினைக்கிறோம். சபையாரைக் கேட்டும் பயனில்லை, அவர்கள் பார்ப்பது ஞாயிறு முகம். தெரிந்தவர்கள் அந்த வீட்டில் அவருக்குக் கீழே இருப்பவர்கள் மட்டுமே.

தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம் இதை அறிந்தே கண்காணிக்குத் தகுதிகளை வரிசைப்படுத்துகிறது. அவர் அடிக்கிறவராக இருக்கக் கூடாது, பொறுமையுள்ளவராக இருக்க வேண்டும், தம் சொந்த வீட்டை நன்றாய் நடத்துகிறவராக இருக்க வேண்டும். சொந்த வீட்டை நடத்தத் தெரியாதவர் சபையை எப்படிக் கவனிப்பார் என்று கேட்டும்விடுகிறது. நம் சபைகளில் கமிட்டித் தேர்தல் வந்தால் சந்தா கட்டினாரா, எந்தப் பக்கம் நிற்கிறார், எந்தத் தெருக்காரர், எத்தனை ஓட்டுக் கொண்டுவருவார் என்றெல்லாம் விசாரிக்கிறோம். வீட்டில் கை ஓங்குகிறாரா என்று கேட்பதில்லை. அதைக் கேட்கத் தொடங்கும் சபையில், அதுவும் அவருடைய மனைவியிடமும் பிள்ளையிடமும் அவர்கள் அஞ்சாமல் பதில் சொல்லக்கூடிய இடத்தில் கேட்கும் சபையில், சாந்தத்தைப் பற்றிய பிரசங்கங்கள் குறைந்தாலும் நஷ்டமில்லை.